மின்னல் விபத்துகள்: எச்சரிக்கையும் புகலிடமும்

இயற்கைச் சீற்றம் என்றவுடன் வெள்ளம், புயல், வறட்சி, நிலநடுக்கம் ஆகியவையே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் நாட்டில் இயற்கைச் சக்திகளால் உயிரிழப்போரில் மிகப் பெரும் பகுதியினர் மின்னல் தாக்கி இறப்பவர்களே ஆவர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இயற்கைச் சக்திகளால் இறந்தோர் 8,060 பேர். அவர்களுள் 2,887 பேர், அதாவது நூற்றுக்கு 35.8 விழுக்காட்டினர், மின்னலுக்கு இரையானவர்கள். 2019-ல் இந்த எண்ணிக்கை 2,876, 2020-ல் 2,862, 2021-ல் 2,880. நான்கு ஆண்டுகளிலும் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே அளவில் நின்றிருப்பது கருதத்தக்கது. இது தற்செயலாக நேரும் இழப்பன்று. நிலையான காரணங்கள் உள்ள இழப்பு என்பதை இது காட்டுகிறது.

இவ்வளவு பெரிய இழப்பு பொதுமக்களின் கவனத்தைப் போதிய அளவு பெறாததற்குக் காரணம் உண்டு. வெள்ளமும் புயலும் ஒரே சமயத்தில் ஒரு வட்டாரம் முழுவதையும் பாதிக்கின்றன. மின்னலோ ஓரிடத்தில் ஒருவரை, வேறோரிடத்தில் இருவரைக் கொல்கிறது. செய்தித்தாளின் ஒரு மூலையில் சில வரிகளோடு அது முடிந்துவிடுகிறது. மிக அரிதாகவே அதன் முழு உருவம் ஒரே நாளில் வெளிப்படுகிறது. 2020-ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று பீகார் மாநிலத்தில் ஒரே நாளில் 80-க்கும் மேற்பட்டோர் மின்னலால் மாண்டனர். கோபால்கஞ்ச் மாவட்டத்தில் மட்டும் 13 பேர் இறந்தனர். பருவமழை தொடங்கிய நேரம் அது. இறந்தோரில் பலர் வயல்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்.

மின்னலைத் தடுத்து நிறுத்த மனிதனால் இயலாது. ஆனால் மின்னலால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தடுக்க இயலும். அதற்கு இரண்டு தேவைகள் நிறைவேற வேண்டும். எச்சரிக்கை உரிய நேரத்தில் வயலில் நிற்பவரைச் சென்றடைய வேண்டும். அவர் ஒதுங்குவதற்கு நடந்துசெல்லும் தொலைவில் பாதுகாப்பான இடம் ஒன்று இருக்க வேண்டும்.

மின்னல் தோன்றும் விதம்

கோடையின் பிற்பகுதியிலும் பருவமழையின் தொடக்கத்திலும் தரை நன்கு சூடேறுகிறது. ஈரம் மிகுந்த வெப்பக்காற்று விரைந்து மேலெழுந்து குளிர்ந்து, பல கிலோமீட்டர் உயரமுள்ள இடிமேகங்களாக உருவெடுக்கிறது. கிழக்கு இந்தியாவில் இதற்கான சூழல் இயல்பாகவே அமைந்துள்ளது. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றும், வடமேற்கிலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்றும் சோட்டா நாகபுரி பீடபூமியிலும் அதை ஒட்டிய சமவெளிகளிலும் சந்திக்கின்றன. மேற்கு வங்கத்தில் 'கால்பைசாகி' என வழங்கும் கோடைக்கால இடிப்புயல்கள் இத்தகைய சூழலில் பிறப்பவையே.

மேகத்தின் உள்ளே நுண்ணிய பனிப்படிகங்களும் சற்றுப் பெரிய பனியுருண்டைகளும் ஓயாது மோதுகின்றன. இம்மோதல்களில் மின்னூட்டம் பிரிகிறது. இலேசான படிகங்கள் நேர்மின்னூட்டத்துடன் மேகத்தின் மேற்பகுதிக்குச் செல்கின்றன. கனமான உருண்டைகள் எதிர்மின்னூட்டத்துடன் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் தங்குகின்றன. இந்த மின்னழுத்த வேறுபாடு காற்றின் தடையைக் கடக்கும் அளவுக்கு உயரும்போது மின்னல் பிறக்கிறது.

எல்லா மின்னல்களும் தரையைத் தொடுவதில்லை. பெரும்பாலானவை மேகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. தரையை நோக்கி வரும் மின்னலில், முதலில் ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள படிகளாக ஒரு மின்பாதை கீழிறங்குகிறது. அது தரையை நெருங்கும்போது மரம், கோபுரம், நிற்கும் மனிதர் போன்ற உயர்ந்த பொருள்களிலிருந்து சிறு மின்கீற்றுகள் மேலெழுகின்றன. அவற்றுள் ஒன்று கீழிறங்கும் பாதையுடன் இணைந்ததும் பெரும் மின்னோட்டம் பாய்கிறது. அதன் அளவு பொதுவாக 30,000 ஆம்பியர். மின்னல் பாதையிலுள்ள காற்று ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. இது சூரியனின் மேற்பரப்பு வெப்பத்தைப் போல் ஐந்து மடங்கு. அக்காற்று திடீரென விரிவடைவதால் எழும் ஒலியே இடி.

ஒளி கண நேரத்தில் வந்துவிடுகிறது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகிறது. மின்னலைக் கண்ட பின் இடியோசை கேட்கும் வரை விநாடிகளை எண்ணி, அதனை மூன்றால் வகுத்தால் மின்னல் விழுந்த தொலைவு கிலோமீட்டர் கணக்கில் கிடைக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டர் தொலைவில் விழுந்துள்ளது என்பது பொருள். அடுத்த மின்னல் நம் தலைக்கு மேலேயே விழக்கூடிய தொலைவுதான் அது. மழை பெய்யாத இடத்திலும், மேகத்தின் விளிம்பிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழுவதுண்டு. ஆகவே மழை தொடங்கட்டும் என்று காத்திருப்பது பெரும் தவறாகும். இடியோசை காதில் விழுந்தாலே ஆபத்தின் எல்லைக்குள் இருக்கிறோம் என்று கொள்ள வேண்டும்.

உடலை மின்னல் அடையும் வழிகள்

மின்னல் ஒருவர் தலைமீது நேராக விழுவதே விபத்து எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அவ்வாறு நேரடியாகத் தாக்கப்படுவோர் மிகச் சிலரே. மருத்துவ ஆய்வாளர்களின் மதிப்பீட்டின்படி, மின்னல் விபத்துகளில் நேரடித் தாக்குதல் நூற்றுக்கு 3 முதல் 5 வரைதான். மின்னல் பாய்ந்த கம்பி வேலி, குழாய் முதலியவற்றைத் தொட்டுக்கொண்டிருப்பதால் நேர்வதும் ஏறத்தாழ அதே அளவினது. மரத்தின் மீது விழுந்த மின்னல், அதன் அருகில் நிற்பவர் மீது பக்கவாட்டில் தாவுவது நூற்றுக்கு 30 அளவில் உள்ளது. மேலெழும் மின்கீற்றுத் தம் உடலிலிருந்தே கிளம்புவதால் பாதிக்கப்படுவோர் நூற்றுக்கு 10 முதல் 15 பேர். எஞ்சிய ஏறத்தாழ பாதிப் பேர் தரை வழியே பரவும் மின்னோட்டத்தால் பாதிக்கப்படுகின்றனர்.

இந்தத் தரை மின்னோட்டத்தைச் சற்று விளக்குவது அவசியம். மின்னல் விழுந்த இடத்தில் மின்னழுத்தம் மிக அதிகம். விலகிச் செல்லச் செல்ல அது குறைகிறது. அருகில் கால்களை அகற்றி நிற்பவரின் ஒரு பாதம் இருக்குமிடத்தில் ஒரு மின்னழுத்தமும், மறு பாதம் இருக்குமிடத்தில் வேறொரு மின்னழுத்தமும் இருக்கும். இவ்வேறுபாட்டால் மின்னோட்டம் ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்குகிறது. கால்நடைகளின் முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையே தொலைவு அதிகம். மின்னோட்டம் அவற்றின் இதயத்தின் வழியாகவே செல்கிறது. ஒரு மரத்தடியில் ஒதுங்கிய மந்தை முழுவதும் ஒரே மின்னலில் மடிவதற்கு இதுவே காரணம்.

மரத்தடியின் கொடுமையும் இதனால் விளங்கும். உயர்ந்து நிற்பதால் மரம் மின்னலை ஏற்கிறது. பக்கவாட்டில் தாவும் மின்னலும் தரையில் பரவும் மின்னோட்டமும் அதன் அடியில் நிற்பவரை ஒருங்கே அடைகின்றன. இந்தியாவில் மின்னல் விபத்துகள் பற்றிய 2019-20-ஆம் ஆண்டின் அறிக்கை, இறந்தோரில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் மரத்தடியில் நின்றவர்கள் எனக் குறிப்பிட்டது. மழையில் நனையாதிருக்க ஒதுங்கிய இடமே அவர்களுக்கு எமனாக முடிந்தது.

மின்னல் மிகுந்த இடமும் மரணம் மிகுந்த இடமும்

மின்னல் எங்கு அதிகம் விழுகிறதோ அங்குதான் மரணமும் அதிகம் என்று எண்ணத் தோன்றும். புள்ளிவிவரங்கள் அவ்வாறு கூறவில்லை. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான நான்கு மாதங்களில், மேகத்துக்குள் நிகழ்ந்தவற்றையும் சேர்த்து, ஒடிசாவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னல்கள் பதிவாயின. இறந்தோர் 129 பேர். அதே காலத்தில் உத்தரப் பிரதேசத்தில் பதிவானவை ஏறத்தாழ 3.2 லட்சம் மின்னல்களே. இறந்தோரோ 224 பேர். உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை மிகப் பெரிது என்பது இதற்கு ஒரு காரணம். எனினும் மரணத்தை முடிவு செய்வது வானம் மட்டுமன்று. அந்த நேரத்தில் எத்தனை பேர் வெட்டவெளியில் நின்றனர், அவர்கள் ஒதுங்க என்ன இருந்தது என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

வேறு நாடுகளின் அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. அமெரிக்காவில் 1940-களில் ஆண்டுக்கு 300-க்கும் மேற்பட்டோர் மின்னலால் இறந்தனர். 2010-களில் ஆண்டுச் சராசரி 30-க்கும் கீழே இறங்கியது. அந்நாட்டில் மின்னல் விழுவது நின்றுவிடவில்லை. திறந்த வயலில் உழைப்போர் குறைந்தனர். மின்கம்பியும் நீர்க்குழாயும் பொருத்திய உறுதியான வீடுகள் பெருகின. எச்சரிக்கையும் மருத்துவ உதவியும் விரைந்து கிடைத்தன.

நம் நாட்டில் நிலைமை வேறு. நெல் நாற்று நடவும் இடிமழையும் ஒரே பருவத்தில் வருகின்றன. நடவு செய்வோர் நீர் நிறைந்த வயலில், சுற்றிலும் தம்மைவிட உயரமான பொருள் எதுவுமின்றி, மணிக்கணக்கில் நிற்கின்றனர். பிற்பகலிலும் மாலையிலும் இடிமேகங்கள் திரளும் நேரமே கால்நடைகளை வீட்டுக்கு ஓட்டிவரும் நேரமும் ஆகும். கூலிக்கு நடவு செய்யும் பெண், இடி கேட்டவுடன் வேலையை விட்டுக் கரையேறினால் அன்றைய கூலி குறையலாம். அவருக்கு மின்னலைப் பற்றிய அறிவு இருந்தாலும், வேலையை நிறுத்தும் உரிமை அவர் கையில் இல்லை. மின்னல் பாதுகாப்பு இந்த வகையில் தொழிலாளர் நலன் சார்ந்த பிரச்சினையும் ஆகும்.

முன்னறிவிப்பு வளர்ந்துள்ள நிலை

மின்னல் எந்த மரத்தில் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் எந்த வட்டாரத்தில் இடிமேகம் திரள்கிறது, அது எத்திசையில் நகர்கிறது என்பதைக் கூற இயலும். இந்திய வானிலை ஆய்வுத் துறை, ராடார்களும் செயற்கைக்கோள்களும் தரும் தகவல்களைக் கொண்டு, அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்புகளை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. ஆபத்தின் அளவு பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நிறங்களால் குறிக்கப்படுகிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், நாடெங்கும் எண்பதுக்கும் மேற்பட்ட உணர்கருவிகளை நிறுவி மின்னல் விழும் இடங்களைக் கண்டறிகிறது. அந்நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' என்னும் செல்பேசிச் செயலி, பயன்படுத்துவோர் இருக்குமிடத்தைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டர் வரையுள்ள மின்னல் ஆபத்தைத் தெரிவிக்கிறது. பீகார் அரசின் 'இந்திரவஜ்ரா' செயலி, ஏறத்தாழ 40 நிமிடங்களுக்கு முன்பே எச்சரிக்கும் நோக்கத்துடன் 2020-ல் உருவாக்கப்பட்டது.

இவை சிறந்த முயற்சிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் செயலி பொருத்தத்தக்க செல்பேசி, கூலித் தொழிலாளி ஒவ்வொருவரிடமும் இருப்பதில்லை. இருந்தாலும் சேற்றில் நின்று நடவு செய்பவர் அதனை வரப்பிலோ வீட்டிலோ வைத்துவிட்டுத்தான் இறங்குகிறார். தலைநகரில் புறப்பட்ட எச்சரிக்கை மாவட்ட அலுவலகம் வரை சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. அங்கிருந்து வரப்புக்கு வரும் கடைசி இரண்டு கிலோமீட்டரைக் கடப்பதுதான் கடினம். கோயில், மசூதி, பள்ளி ஆகியவற்றின் ஒலிபெருக்கிகள், ஊராட்சி அலுவலகத்தில் நிறுவத்தக்க சங்கு, பொறுப்பேற்ற இளைஞர் குழு ஆகியவையே இந்தத் தொலைவைக் கடக்க உதவும். புயல் எச்சரிக்கையைக் கடலோரக் கிராமங்களில் வீடு வீடாகக் கொண்டுசேர்த்த அனுபவம் நம் நாட்டுக்கு உண்டு. வேறுபாடு ஒன்றே: புயலுக்கு நாள்கணக்கில் அவகாசம் இருக்கிறது, மின்னலுக்கு அரை மணி நேரமே உண்டு.

எது புகலிடம்?

எச்சரிக்கை கிடைத்தும் ஒதுங்க இடமில்லையெனில் பயனில்லை. மின்கம்பிகளும் குழாய்களும் அமைந்த உறுதியான கட்டடம் நல்ல புகலிடம். மின்னோட்டம் அவற்றின் வழியே தரைக்குச் சென்றுவிடும். அதன் உள்ளே இருக்கும்போது நீர்க்குழாய், மின்சாதனம், கம்பி வழித் தொலைபேசி ஆகியவற்றைத் தொடலாகாது. சன்னல், வாயிற்படி அருகிலும் நிற்கலாகாது. உலோகக் கூரையுள்ள கார், பேருந்து ஆகியவை கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் பாதுகாப்பானவை. டிராக்டர், மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் ஆகியவை பாதுகாப்பு தரமாட்டா. வயலோரக் குடிசை, காவல் பரண், திறந்த கொட்டகை ஆகியவை மழையைத் தடுக்குமேயன்றி மின்னலைத் தடுக்கமாட்டா. உயரமான இடத்தில் நிற்கும் கட்டடங்களுக்கும் இது பொருந்தும். 2021-ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று ஜெய்ப்பூரின் ஆமேர் கோட்டை அருகே, குன்றின் மீதிருந்த காவல் கோபுரத்தில் மழையை இரசித்துக்கொண்டிருந்தவர்களுள் பத்துக்கும் மேற்பட்டோர் மின்னலால் இறந்தனர்.

எப்புகலிடமும் எட்டாத நிலையில், நீரைவிட்டு வெளியேறித் தனி மரத்தையும் கம்பி வேலியையும் விட்டு விலக வேண்டும். கூட்டமாக நில்லாமல் ஒருவருக்கொருவர் இடைவெளி விட வேண்டும். இரு பாதங்களையும் சேர்த்துவைத்துக் குந்தி, காதுகளைப் பொத்திக்கொள்ளலாம். தரையில் படுக்கக் கூடாது. இது ஆபத்தைச் சற்றுக் குறைக்குமேயன்றி நீக்காது, புகலிடத்துக்கு ஈடாகாது. கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடங்கள் கழிந்த பின்னரே வெளியே வர வேண்டும். மழை ஓய்ந்ததும் அவசரமாக வயலுக்குத் திரும்பியவர்கள் இறந்த நிகழ்ச்சிகள் பல.

சில தவறான நம்பிக்கைகளையும் களைய வேண்டும். இரப்பர்ச் செருப்பு பாதுகாக்கும் என்பது சரியன்று. கிலோமீட்டர்க் கணக்கில் காற்றைப் பிளந்து வந்த மின்னலை விரற்கடை அளவு இரப்பர் தடுக்காது. ஒரே இடத்தில் இருமுறை மின்னல் விழாது என்பதும் பொய். உயர்ந்த கோபுரங்களில் அது ஓராண்டிலேயே பலமுறை விழுகிறது. செல்பேசி மின்னலை ஈர்க்கும் என்பதற்கும் ஆதாரமில்லை.

பொதுக் கட்டடங்களுக்கு இடிதாங்கி நிலையான பாதுகாப்பாகும். 1752-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் மின்னல் என்பது மின்சாரமே என்று காட்ட முற்பட்ட காலந்தொட்டு அதன் தத்துவம் மாறவில்லை: மின்னலை ஏற்க ஒரு கம்பி, இறக்க ஒரு பாதை, பரப்பிவிட ஒரு நிலத்தொடர்பு. மூன்றாவது பழுதானால் முதலிரண்டும் பயனற்றவை. துருப்பிடித்த இணைப்பும் அறுந்த கம்பியும் உள்ள இடிதாங்கி ஆபத்தையே விளைவிக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ்/ஐஇசி 62305 என்னும் தரவரையறை இவற்றின் அமைப்பையும் சோதனையையும் விளக்குகிறது.

மரங்களைக் கொண்டு மின்னலை ஏற்கச் செய்யும் முயற்சியும் நடைபெற்றுள்ளது. 2016-ல் மின்னலைப் பேரிடராக அறிவித்த வங்காளதேசம் பனைகளை நடத் தொடங்கியது. ஒடிசா அரசு 2024-ல் 19 லட்சம் பனைகளை நடத் திட்டமிட்டது. பனை உயர்ந்து வளர்வதற்குப் பல்லாண்டுகள் ஆகும். வளர்ந்த பின்னும், அதனடியில் எவரும் ஒதுங்கலாகாது என்ற அறிவு பரவாவிடில் அம்மரமே ஆபத்தாகிவிடும்.

முதலுதவி: இறந்தவர் போல் கிடப்பவர்

மின்னல் தாக்கியவர்கள் அனைவரும் இறப்பதில்லை. உரிய உதவி கிடைக்கும் நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். மின்னல் இதயத்தையும் மூச்சை இயக்கும் மூளைப் பகுதியையும் ஒருங்கே நிறுத்திவிடுகிறது. பல சமயங்களில் இதயம் தானாகவே மீண்டும் துடிக்கத் தொடங்கும். மூச்சோ திரும்புவதற்கு நேரமாகும். அந்த இடைவெளியில் செயற்கைச் சுவாசம் கிடைக்காவிடில் இதயம் மறுபடியும் நின்றுவிடும். ஆகவே முதல் சில நிமிடங்களே உயிரை முடிவு செய்கின்றன.

மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. அவரைத் தொட அஞ்ச வேண்டியதில்லை. ஆம்புலன்சுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, மூச்சற்றுக் கிடப்பவரை மல்லாத்தி, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். 30 அழுத்தங்களுக்கு 2 முறை வாய்வழிக் காற்று ஊத வேண்டும். பலர் விழுந்து கிடந்தால், வலியால் முனகுவோரை விட்டு, அசைவற்றுக் கிடப்பவரையே முதலில் கவனிக்க வேண்டும். மற்ற விபத்துகளில் பின்பற்றும் முறைக்கு இது நேர்மாறானது. முனகுபவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்.

சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களின் சில பகுதிகளில், மின்னல் தாக்கியவரைக் கழுத்தளவு சாணத்தில் புதைத்தால் பிழைப்பார் என்ற நம்பிக்கை நிலவுகிறது. இதனால் காப்பாற்றத்தக்க நிமிடங்கள் வீணாகின்றன. உறவினரின் பாசத்தைப் பழிக்காமல், ஊர் மருத்துவப் பணியாளர் வாயிலாக மாற்று வழியைக் கற்பிப்பதே இதற்குத் தீர்வாகும். பிழைத்தவர்களுக்கும் செவிப்பறைக் கிழிவு, கண்புரை, நினைவுக் குறைவு, நரம்பு வலி ஆகியவை பின்னாளில் தோன்றலாம். அவர்களைத் தொடர்ந்து மருத்துவக் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், இடிப்புயல், மின்னல் ஆகியவற்றுக்கான செயல்திட்ட வழிகாட்டு நெறிகளை வகுத்துள்ளது. ஒடிசா 2015-ல் மின்னலை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வேறு பல மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. இதன் பயனாக, இறந்தோர் குடும்பங்களுக்குப் பல மாநிலங்களில் 4 லட்சம் ரூபாய் உதவித்தொகை வழங்கப்பட்டு வந்துள்ளது. உடற்கூறு ஆய்வுக்கு முன்பே உடலை எரித்துவிடும் குடும்பங்கள் இவ்வுதவியைப் பெறுவதில் இடர்ப்படுகின்றன. வருவாய்த்துறைக் கிராம அலுவலர் இதனை அக்குடும்பத்துக்கு அன்றே எடுத்துரைக்க வேண்டும்.

உதவித்தொகை இழப்புக்குப் பின் வருவது. இழப்பைத் தவிர்க்கும் பணி மாவட்ட, ஊராட்சி அளவில் நடைபெற வேண்டும். ஒவ்வொரு ஊராட்சியும் பருவமழைக்கு முன்பாகத் தன் எல்லைக்குள் உள்ள உறுதியான கட்டடங்களைப் பட்டியலிட்டு, எந்த வயல்வெளியிலிருந்து எந்தக் கட்டடத்துக்குச் செல்வது என்பதை வகுக்கலாம். பத்து நிமிட நடையில் புகலிடம் இல்லாத வயல்வெளிகளில், இடிதாங்கி பொருத்திய சிறு கூடங்கள் அமைக்கலாம். விதை, உரம் சேமிக்கவும் அவை பயன்படும். பள்ளிகளின் இடிதாங்கிகளை ஆண்டுக்கொரு முறை சோதிக்கலாம். அரசின் ஊரக வேலைப் பணியிடங்களில், இடி கேட்டவுடன் வேலையை நிறுத்தவும், அந்நேரத்துக்கான கூலியைப் பிடிக்காமல் வழங்கவும் பணிமேற்பார்வையாளருக்கு ஆணை இருக்க வேண்டும். தனியார் நிலங்களிலும் இதே வழக்கம் வேரூன்ற ஊராட்சிகள் முயல வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு, வெள்ளத் தடுப்புக்கோ புயல் காப்பகங்களுக்கோ ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,900 உயிர்கள் என்ற எண்ணிக்கை குறையத் தொடங்குவதே இம்முயற்சிகளின் வெற்றிக்கு அளவுகோலாகும்.